அலாரம் மேஜைக்கு வரும் பிள்ளைகளுக்கு

தி. நகரிலும் மயிலாப்பூரிலும் அடையாறிலும் ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, அந்தக் கட்டடங்களுக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளப்போவது நீங்கள்தான். கூரையில் புகை டிடெக்டர், கதவில் காந்த சென்சார், லாக்கர் அறைச் சுவரில் அதிர்வு சென்சார் என்று எல்லாமே ஒரு பேனலில் வந்து சேர்கின்றன. அந்தப் பேனல் இணையம் வழியாகவோ சிம் வழியாகவோ உங்கள் திரையில் ஒரு வரி எழுதுகிறது. அந்த வரியைப் படித்து, ஓர் ஆளை அந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்தும் வரை நம் வேலை முடியாது. ஏணி ஏறி டிடெக்டர் மாட்டுகிற பையனாக இந்தத் தொழிலில் நுழைந்து, கண்ட்ரோல் ரூமிலேயே தலை நரைத்தவன் நான். புதிதாக ஷிஃப்டுக்கு வருகிறவர்களுக்கு வாயால் சொல்லிவந்ததை எழுதித் தரச் சொன்னார்கள். எழுதியிருக்கிறேன்.

1. இந்தத் தெருக்களில் ஏற்கெனவே எரிந்தவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்.

2017 மே 31, விடியற்காலை. தி. நகர் உஸ்மான் சாலையில் ஏழு மாடி சென்னை சில்க்ஸ் கட்டடத்தின் கீழ்ப்பகுதியில் பற்றிய தீ மேலே ஏறியது. முகப்பு மூடிய கட்டடம், உள்ளே மாடி மாடியாகத் துணி. புகை வெளியே வர வழியில்லை. தண்ணீர் உள்ளே போகவும் வழியில்லை. சுவரை உடைத்துத் துளையிட்டுத்தான் தண்ணீர் பாய்ச்ச வேண்டியிருந்தது. இரவு மேலே தங்கியிருந்த ஊழியர்களைத் தீயணைப்பு வீரர்கள் பத்திரமாக இறக்கினார்கள். ஒரு முழுநாளைத் தாண்டியும் தீ அடங்கவில்லை. மறுநாள் அதிகாலையில் கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. மிச்சத்தையும் பிறகு இடித்துத் தள்ளினார்கள். அதற்கு ஒன்பது ஆண்டு முன்னால், 2008 செப்டம்பர் 1 அன்று, கூப்பிடு தூரத்தில் ரங்கநாதன் தெருவின் சரவணா ஸ்டோர்ஸில் தீ. அதில் இரண்டு ஊழியர்கள் உயிரிழந்தார்கள். இன்னும் பின்னே போனால் 1975 ஜூலையில் அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடம். அன்றைக்குச் சென்னையில் அதைவிட உயரமான கட்டடம் கிடையாது.

தி. நகர் விபத்துகள் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். வாடிக்கையாளர் யாரும் இல்லாத நேரம், ஷட்டர் இறங்கியிருந்த நேரம். பகலில் தீ பிடித்தால் கடைப் பையனே சிலிண்டரை எடுத்து அடித்துவிடுவான். இரவில் அந்தக் கடைப் பையனின் இடத்தில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒரு குப்பைக்கூடை அளவுத் தீ ஒரு தளத்தின் தீயாக ஆவதற்கு முந்தைய சில நிமிடங்கள்தான் உங்கள் கையில் இருப்பவை.

2. சிக்னல் வந்தால் அது நிஜம் என்றே தொடங்குங்கள்.

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி. மயிலாப்பூரில் ஒரு நகைக்கடையிலிருந்து புகை சிக்னல். கடையில் சாம்பிராணி போட்டிருப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். போன வாரமும் அதே நேரத்துக்கு அதே டிடெக்டர்தான் கத்தியது. விரல் தானாகவே 'ஃபால்ஸ் அலாரம்' பொத்தானுக்குப் போகும். அங்கே நிறுத்துங்கள். போன் போடுங்கள், ஆளைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள், பார்த்தவர் வாயால் 'சாம்பிராணிதான்' என்று கேட்ட பிறகு மூடுங்கள். அதே வெள்ளிக்கிழமை அதே சாம்பிராணிக் கரண்டியிலிருந்து விழுந்த கங்கு ஒரு அட்டைப் பெட்டியைப் பற்ற வைத்திருக்கலாம். திரையில் இரண்டுக்கும் ஒரே வரிதான் வரும்.

ஒரே டிடெக்டர் மறுபடி மறுபடி பொய்யாகக் கத்தினால் அதைச் சரிசெய்ய வைப்பதும் உங்கள் பொறுப்பு. சாமி மாடத்துக்கு நேர் மேலே புகை டிடெக்டரை மாட்டியிருப்பார்கள்; சற்றுத் தள்ளி மாட்டச் சொல்லலாம், அல்லது அந்த இடத்துக்கு மட்டும் வெப்ப டிடெக்டர் போடச் சொல்லலாம். உள்ளே தூசியோ பூச்சியோ புகுந்திருந்தால் சுத்தம் செய்யச் சொல்லலாம். சாந்தோம், பெசன்ட் நகர் பக்கம் உப்புக்காற்று டெர்மினலை அரித்துவிடும். அங்கே ஃபால்ட் அடிக்கடி வரும். எதுவானாலும் சர்வீஸ் ஆட்களுக்கு எழுதிப் போடுங்கள், அவர்கள் வரும் வரை விடாதீர்கள். பொய்யாகவே கத்திக்கொண்டிருக்கும் டிடெக்டர் மூன்று மாதத்தில் உங்கள் காதை மரக்கச் செய்துவிடும். நான்காவது மாதம் அது உண்மையைச் சொல்லும்போது கேட்க ஆள் இருக்காது.

3. காவலாளியிடம் பேசுவது ஒரு தனிக் கலை. அதை முதலில் கற்றுக்கொள்ளுங்கள்.

இரவு இரண்டரை மணிக்கு நீங்கள் கூப்பிடும்போது எதிர்முனையில் பெரும்பாலும் அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் இருப்பார். அல்லது ஒடிசாவிலிருந்தோ அஸ்ஸாமிலிருந்தோ நேபாளத்திலிருந்தோ வந்த இளைஞர். இரண்டு பேருக்குமே உங்கள் பேனல் ஒரு சுவர்ப் பெட்டி. 'ஃபயர் அலாரம் வந்திருக்கு, செக் பண்ணுங்க' என்றால், 'ஒண்ணும் இல்ல சார், நான் இங்கதான் உக்காந்திருக்கேன்' என்று பதில் வரும். அவர் பொய் சொல்லவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாதுதான். ஆகவே அவரை எழுப்பி நடக்க வையுங்கள்:

'அண்ணே, பேனல் கிட்ட போங்க. எந்த லைட் எரியுது, சிவப்பா மஞ்சளா?'

'சிவப்பு எரியுது சார்.'

'ரீசெட்டைத் தொடாதீங்க. அதுல என்ன எழுதியிருக்குன்னு ஒவ்வொரு எழுத்தா சொல்லுங்க.'

'எஸ்... இ... சி...'

'சரிண்ணே, ரெண்டாவது மாடி. டார்ச் எடுத்துக்கிட்டு படியில போங்க, லிஃப்ட்ல போகாதீங்க. லைனை வெக்காதீங்க, நான் கூடவே இருக்கேன். கதவு வந்ததும் புறங்கையால தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா திறக்கவே திறக்காதீங்க, கீழ வந்துடுங்க.'

இப்படி ஒவ்வொரு அடியாக. சிவப்பு என்றால் தீ, மஞ்சள் என்றால் கோளாறு. இது அவருக்குப் புரியவேண்டும். ரீசெட்டைத் தொடாதே என்று முதலிலேயே சொல்லிவிடுவது முக்கியம். பல கட்டடங்களில் காவலாளிக்குக் கற்றுத்தந்த ஒரே விஷயம், சத்தம் கேட்டால் அந்தப் பொத்தானை அமுக்கு என்பது. ரீசெட் செய்த பேனல் எந்த டிடெக்டர் எந்த வரிசையில் கத்தியது என்பதைத் தன் முகப்பிலிருந்து அழித்துவிடும். சத்தம் தாங்கவில்லை என்றால் ஹூட்டரை மட்டும் நிறுத்தலாம்.

இந்தி பேசும் காவலாளிகளுக்காகப் பத்து வாக்கியம் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மரியாதையாகப் பேசுங்கள். இரவில் அந்தக் கட்டடத்தில் உங்களுக்குக் கண்ணும் காலுமாக இருப்பவர் அவர் ஒருவர்தான். அவர் பெயரைத் தெரிந்துவைத்து, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

4. 101-ஐ முதலில் கூப்பிடுங்கள், முதலாளியை அடுத்ததாகக் கூப்பிடுங்கள்.

இதில் எனக்குச் சமரசமே கிடையாது. ஒரு டிடெக்டர் மட்டும் கத்தினால் கட்டடத்துக்கு ஒரு போன். எடுக்கவில்லையா, 101. பக்கத்து டிடெக்டரும் சேர்ந்து கத்தினாலோ, யாராவது சுவரில் உள்ள கண்ணாடிப் பெட்டியை உடைத்து அழுத்தினாலோ, ஸ்பிரிங்க்ளரில் தண்ணீர் ஓடுவதாக சிக்னல் வந்தாலோ, விசாரணையே வேண்டாம், நேராக 101. தீ சிக்னல் வந்தால் கண்காணிப்பு மையம் அதைத் தீயணைப்புத் துறைக்கு அனுப்ப ஒன்றரை நிமிடத்துக்கு மேல் எடுக்கக்கூடாது என்பது அமெரிக்காவின் தீ அலாரம் விதித்தொகுப்பான என்.எஃப்.பி.ஏ. 72 சொல்வது. நம் அறையிலும் அந்தக் கணக்கையே வைத்துக்கொள்ளலாம்.

முதலாளியை முதலில் கூப்பிட்டால் என்ன ஆகும்? அவர் மேனேஜரைக் கூப்பிடுவார். மேனேஜர் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுவார். தீயணைப்பு வண்டி வந்தால் தெருவே வேடிக்கை பார்க்கும், பிறகு நோட்டீஸ் வரும் என்ற பயம் வேறு. 'இருங்க, நான் ஆள் அனுப்பிப் பார்க்கிறேன்' என்பார். 2011 டிசம்பர் 9 விடியற்காலை கொல்கத்தா ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனையின் அடித்தளத்தில் தீப்பிடித்தபோது, புகை தெரிந்து ஓடிவந்த அக்கம்பக்கத்து மக்களைக் காவலாளிகள் திருப்பி அனுப்பினார்கள் என்றும், தீயணைப்புத் துறைக்குத் தாமதமாகத்தான் தகவல் போனது என்றும் செய்திகள் வந்தன. எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் படுக்கையிலிருந்து எழ முடியாத நோயாளிகள், புகையில் மூச்சடைத்தே போனார்கள். நம் பகுதியிலும் மருத்துவமனைகள் நிறைய உண்டு. அவற்றின் சிக்னல் வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி வீணாக வந்து திரும்பினால் யாராவது உங்களைத் திட்டுவார்கள். திட்டட்டும். சூப்பர்வைசரிடம் என் பெயரைச் சொல்லுங்கள்.

5. முகவரி.

1852-இல் பாஸ்டன் நகரத்தில் தந்திக் கம்பி வழியாகத் தெருவுக்குத் தெரு தீ எச்சரிக்கைப் பெட்டி வைத்தார்கள். கைப்பிடியைச் சுற்றினால் அந்தப் பெட்டி தன் எண்ணை மட்டும் அனுப்பும். எவ்வளவு பெரிய தீ, என்ன எரிகிறது, ஒன்றும் சொல்லாது. எங்கே என்பது தெரிந்தால் போதும், வண்டி கிளம்பிவிடும். இன்றைக்கும் முதல் தகவல் அதுதான். அதைத்தான் நாம் அடிக்கடி குழப்புகிறோம்.

சென்னை முகவரியில் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று. இரண்டையும் பதிவில் வைத்திருங்கள். பலகையில் எது எழுதியிருக்கிறது என்று பார்த்து அதை முதலில் சொல்லுங்கள். அடையாறு பக்கம் வெறுமனே 'முதல் மெயின் ரோடு' என்று சொன்னால் காந்தி நகரா, கஸ்தூரிபா நகரா, இந்திரா நகரா என்று வண்டி தேடும். உஸ்மான் சாலையில் வடக்கா தெற்கா என்று சொல்லியே ஆகவேண்டும். மயிலாப்பூரில் மாட வீதி நான்கு. கட்டடத்துக்கு எதிரே என்ன இருக்கிறது, எந்தப் பக்கம் பெரிய வண்டி நுழையும், ஸ்டில்ட் பார்க்கிங் எவ்வளவு உயரம், தண்ணீர்த் தொட்டி எங்கே, ஹைட்ரண்ட் இணைப்பு எந்தச் சுவரில், இதெல்லாம் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு பக்கமாக எழுதி வைத்திருக்கவேண்டும். ரங்கநாதன் தெருவுக்கு ஒரு முனை உஸ்மான் சாலை, மறுமுனை மாம்பலம் ரயில் நிலையம். உங்கள் கடை எந்த முனைக்குப் பக்கம் என்று தெரியாமல் 101-க்குப் பேசாதீர்கள்.

வாரம் ஒரு நாள் ஓய்வு வரும். அதில் பாதி நாளை எடுத்து நீங்கள் கண்காணிக்கும் கட்டடங்களை நடந்து போய்ப் பாருங்கள் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். மெட்ரோ வேலைக்காகப் பனகல் பூங்காவைச் சுற்றியும் லஸ் பக்கமும் பாதைகளை எத்தனை முறை மாற்றிவிட்டார்கள்! வரைபடத்தில் இருக்கும் தெரு தரையில் இருக்கிறதா என்று கால் நடந்து பார்த்தால்தான் தெரியும்.

6. இரவில் உள்ளே யார் தூங்குகிறார்கள் என்று கேளுங்கள்.

தி. நகர் கடைகளில் தென்மாவட்டத்துப் பிள்ளைகள் நிறைய வேலை பார்க்கிறார்கள். சில இடங்களில் அவர்கள் தங்குவதும் சமைப்பதும் கடைக்கு மேலேயே. ஒப்பந்தத்தில் 'இரவில் ஆள் இல்லை' என்று எழுதியிருக்கும். நம்பாதீர்கள். மேனேஜரைக் கேளுங்கள், காவலாளியைத் தனியாகக் கேளுங்கள், தீபாவளி மாதத்தில் மறுபடி கேளுங்கள். மேலே ஆள் இருக்கிறது என்றால் 101-க்கு நீங்கள் சொல்லும் முதல் வாக்கியமே அதுதான். மாடிக்கதவின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதும் அந்தக் கட்டடத்துக்கான பக்கத்தில் எழுதியிருக்கவேண்டும்.

7. பேசாத கட்டடத்தைத்தான் அதிகம் கவனியுங்கள்.

திரையில் வரும் எண்களைச் சீக்கிரம் பழகிக்கொள்வீர்கள்: 110 தீ, 130 திருட்டு, 301 மின்சாரம் போனது, 302 பேட்டரி இறங்கியது, 602 வழக்கமான டெஸ்ட். புதியவர்கள் 110-க்கும் 130-க்கும் நிமிர்ந்து உட்காருவார்கள். 602 வந்தால் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். வராத 602-ஐப் பார்க்கக் கற்றவர்தான் இந்த வேலைக்குத் தேறியவர். தினம் ஒரு முறை 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று சொல்லவேண்டிய பேனல் இன்று சொல்லவில்லை என்றால், அந்தக் கட்டடம் இன்றிரவு கண்காணிப்பிலேயே இல்லை. பணம் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கும் முதலாளிக்கு அது தெரியாது.

ஏன் நின்றுபோகிறது? நம் ஊரில் காரணங்கள் பெரும்பாலும் சாதாரணமானவை. பேனலுக்குள் இருக்கும் ப்ரீபெய்டு சிம்முக்கு யாரும் ரீசார்ஜ் செய்திருக்க மாட்டார்கள். இணையக் கம்பெனியை மாற்றியிருப்பார்கள், புதிய ரவுட்டரில் நம் கம்பியை மாட்டியிருக்க மாட்டார்கள். எல்லாவற்றையும்விட அதிகம் நடப்பது இது: கடை மூடும்போது ஷார்ட் சர்க்யூட் ஆகிவிடுமோ என்று பயந்து மெயினையே இறக்கிவிட்டுப் போவார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் பேனலும் ரவுட்டரும் அந்த மெயினிலேயே இருந்தால், தினமும் இரவு முழுக்கப் பேட்டரியிலேயே ஓடவேண்டும். பகலில் ஏறுகிற சார்ஜ் போதாமல், சென்னை வெயிலும் சேர்ந்து, பேட்டரி சீக்கிரம் செத்துப்போகும். பிறகு ஒவ்வோர் இரவும் கடை மூடிய சிறிது நேரத்தில் பேனல் அணைந்துவிடும், காலையில் கடை திறந்ததும் விழித்துக்கொள்ளும். உங்கள் பதிவுகளைத் திருப்பிப் பார்த்தால் இந்த ஒழுங்கு கண்ணில் படும். இரவு ஒன்பதரைக்கு 301, நள்ளிரவுக்குள் 302, பிறகு மௌனம். அப்படிக் கண்டால் மெயினுக்கு முன்னாலிருந்தே பேனலுக்கு மட்டும் தனி லைன் எடுக்கச் சொல்லுங்கள். எலெக்ட்ரீஷியனுக்குச் சிறிய வேலை. அதைச் செய்யும் வரை தினமும் போன் செய்யுங்கள்.

8. மின்தடைப் பட்டியலைப் படியுங்கள்.

மாதாந்திரப் பராமரிப்புக்காக எந்தப் பகுதியில் எப்போது மின்சாரம் இருக்காது என்று மின்வாரியம் முன்கூட்டியே அறிவிக்கும், நாளிதழ்களில் வரும். அதைத் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். காந்தி நகரில் ஆறு கட்டடங்களில் ஒன்றாக 301 வந்தால் அது மின்வாரியம். நடு இரவில் ஒரே ஒரு கட்டடத்தில் மட்டும் 301 வந்து, இரண்டு பக்கத்துக் கட்டடங்களும் ஒழுங்காக இருந்தால், யாரோ வெளியே மீட்டர் பெட்டியில் ஃப்யூஸைப் பிடுங்கியிருக்கலாம். அதை மின்சாரக் கோளாறு என்று எழுதி மூடாதீர்கள். காவலாளியை எழுப்புங்கள், ரோந்துக் காவலர்களுக்குச் சொல்லுங்கள்.

9. பதிவு செய்வதற்கும் பார்ப்பதற்கும் உள்ள தூரம் பல கோடி ரூபாய்.

2019 அக்டோபர் 2 அதிகாலை, திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் அருகே லலிதா ஜுவல்லரி. முகமூடி அணிந்த இருவர் பின்பக்கச் சுவரில் துளை போட்டு நுழைந்து, சுமார் 13 கோடி ரூபாய் நகைகளை அள்ளிக்கொண்டு, மிளகாய்ப் பொடியைத் தூவிவிட்டு வெளியேறினார்கள். எல்லாம் காமிராவில் பதிவாகியிருந்தது. காலையில் கடை திறந்தபோதுதான் மனிதருக்குத் தெரிந்தது. 2021 டிசம்பரில் வேலூர் ஜோஸ் ஆலுக்காஸ்: மறுபடியும் சுவரில் துளை, காமிராக்கள் மேல் ஸ்பிரே. 2023 பிப்ரவரியில் பெரம்பூரில் ஒரு நகைக்கடை: ஷட்டரையே கேஸ் கட்டரால் அறுத்தார்கள், போகும்போது காமிராப் பதிவுகள் இருந்த ஹார்ட் டிஸ்க்கையும் கழற்றிக்கொண்டு போனார்கள்.

இந்த மூன்றிலிருந்தும் நாம் எடுத்துக்கொள்ளவேண்டியது நிறைய. காந்த சென்சார் கதவுக்குத்தான். சுவருக்கு அதிர்வு சென்சார் வேண்டும். அது கத்தும்போது, 'பக்கத்தில் மெட்ரோ தோண்டுகிறார்கள்' என்று நீங்களே சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். தோண்டும் இயந்திரம் என்றால் அதே வரிசையில் உள்ள மற்ற கடைகளும் கத்தவேண்டும். ஒரு காமிரா திடீரென்று வெள்ளையாகவோ கறுப்பாகவோ ஆனால் அதுவே ஓர் அலாரம். படம் போய்விட்டது என்று டிக்கெட் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகக்கூடாது. பதிவு கட்டடத்துக்குள் மட்டும் இருந்தால் போதாது, அந்த நொடியே வெளியே வந்து சேரவேண்டும். வாடிக்கையாளர் செலவைச் சொல்லித் தயங்கினால் பெரம்பூரைச் சொல்லுங்கள்.

10. பைபாஸ் போட்டால் கையோடு நேரம் குறியுங்கள்.

பெயின்ட் அடிக்கிறார்கள், வெல்டிங் வேலை நடக்கிறது, பூச்சிமருந்து அடிக்கிறார்கள், அதனால் மூன்றாம் மாடியைக் கொஞ்ச நேரம் எடுத்துவிடுங்கள் என்று கேட்பார்கள். எடுக்கலாம். யார் கேட்டார், எத்தனை மணி வரை, அதுவரை அந்த மாடியில் சிலிண்டரோடு நிற்பவர் யார், இந்த மூன்றும் இல்லாமல் எடுக்காதீர்கள். வெல்டிங் நடக்கும்போது டிடெக்டரை அணைக்கிறோம் என்பதை யோசியுங்கள். தீப்பொறி பறக்கும் நேரத்தில்தான் அந்த மாடிக்குக் கண் இல்லாமல் போகிறது. வேலை முடிந்து புகை அடங்கியதும் திருப்பிப் போடுங்கள். அதோடு விடாதீர்கள், ஒரு மணி நேரம் கழித்து யாராவது போய் முகர்ந்து பார்த்துச் சொல்லட்டும். பஞ்சுக்குள்ளும் மரத்தூளுக்குள்ளும் போன பொறி புகையத் தொடங்கவே நேரம் எடுக்கும். உங்கள் ஷிஃப்ட் முடியும்போது ஏதாவது பைபாஸில் இருந்தால், அடுத்தவரை அந்த வரியின் மேல் விரல் வைக்கச் சொல்லிவிட்டு எழுந்திருங்கள்.

11. ரகசியச் சொல்லைத் தவறாகச் சொன்னால் திருத்தாதீர்கள்.

அலாரம் வந்து கடைக்குப் போன் செய்கிறீர்கள். எடுத்தவர் யார் என்று உறுதிசெய்ய ரகசியச் சொல்லைக் கேட்டால், தவறான சொல்லைச் சொல்கிறார். 'சரிங்க, நன்றி' என்று சாதாரணக் குரலில் வைத்துவிட்டு 100-ஐ அழையுங்கள். அவர் கழுத்தில் கத்தி இருக்கலாம்.

12. இந்த ஊரின் நாள்காட்டி உங்களுக்குத் தலைகீழாகத் தெரிந்திருக்கவேண்டும்.

போகி அன்று விடியற்காலை ஊரே புகை. ஜன்னல் திறந்திருக்கும் இடங்கள், பார்க்கிங் தளங்கள், ஏ.சி. காற்று உள்ளே இழுக்கும் இடங்கள், வரிசையாகக் கத்தும். அன்றைக்கு இரண்டு பேர் கூடுதலாகப் போடச் சொல்லி டிசம்பரிலேயே கேளுங்கள். ஐம்பது பொய்க்கு நடுவில் ஒரு நிஜம் வந்தால் அதற்குத் தனியாக ஓர் ஆள் வேண்டும். ஆயுத பூஜை அன்று எல்லா அலுவலகங்களிலும் கற்பூரம் ஏற்றுவார்கள். அணைக்காமல் பூட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் சரக்கு வந்து இறங்கும்போது மூட்டைகளைக் கூரை வரை அடுக்குவார்கள். டிடெக்டருக்கும் ஸ்பிரிங்க்ளருக்கும் கீழே ஒன்றரை அடியாவது காலி இடம் வேண்டும் என்று சரக்கு வருவதற்கு முன்பே ஒவ்வொரு மேனேஜருக்கும் சொல்லி வையுங்கள். பங்குனியில் அறுபத்து மூவர் திருவிழா அன்று கபாலீஸ்வரர் கோயிலைச் சுற்றி வண்டி நகராது. மாட வீதிக் கடைகளுக்கு அன்றைக்கு எந்த வழி திறந்திருக்கிறது என்று காலையிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கார்த்திகை, மார்கழியில் புயல். 2016 டிசம்பர் 12 வர்தா வந்தபோது மரங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்து, தெருவுக்கு மேலே தொங்கிய கேபிள்களை இழுத்துக்கொண்டு போயின; பல பகுதிகளுக்கு நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அடித்தளங்களில் தண்ணீர். ஜெனரேட்டர், பம்ப், சில இடங்களில் பேனலும் அங்கேதான் இருக்கும். இணையமும் சிம்மும் ஒரே கம்பெனியாக இருந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். வேறு வேறாக இருக்கட்டும். இரண்டுமே போய்விட்டால், கட்டடத்துக்கு ஒரு மனிதர் நேரில் போய் மணிக்கொரு தரம் சொல்லவேண்டும் என்று வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே பேசி ஒப்புக்கொள்ள வையுங்கள். புயல் சின்னம் உருவானதும் அந்தப் பட்டியலை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிடுங்கள்.

13. உள்ளே போகப்போகும் வீரருக்கு உங்களுக்குத் தெரிந்த அத்தனையையும் சொல்லுங்கள்.

2012 ஜனவரியில் சேப்பாக்கம் கலஸ் மகாலில் தீப்பிடித்தது. அரசு அலுவலகங்கள் இயங்கிய பழங்காலக் கட்டடம், உள்ளே கட்டுக்கட்டாகக் கோப்புகள். இடிபாட்டில் தீயணைப்புத் துறை அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். தீயணைப்பு அதிகாரி பிரியா ரவிச்சந்திரன் உள்ளிட்டோர் கடும் தீக்காயம் அடைந்தார்கள். அவர் பிழைத்துப் பணிக்குத் திரும்பினார். நம் அழைப்பை ஏற்று வருகிறவர்கள் இப்படிப்பட்ட இடங்களுக்குள்தான் போகிறார்கள்.

முதலில் எந்த டிடெக்டர், எத்தனை மணிக்கு, அடுத்தது எது என்று உங்கள் திரை வரிசையாகச் சொல்லும். தீ எங்கே தொடங்கி எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை வெளியே நிற்கும் யாராலும் பார்க்க முடியாது, உங்களால் முடியும். வண்டி கிளம்பிவிட்டது என்று போனை வைத்துவிடாதீர்கள். 'இரண்டாம் மாடி தெற்குப் பக்கம் 2.14, அதே மாடி படிக்கட்டு 2.17, மூன்றாம் மாடி படிக்கட்டு 2.19' என்று சொன்னால், படிக்கட்டு வழியாகப் புகை ஏறுகிறது என்று அவர்களுக்குப் புரியும். டீசல் எங்கே, கேஸ் சிலிண்டர் எங்கே, லிஃப்ட் அறை எங்கே, பரணாகப் பலகை அடித்துக் கட்டிய தளம் எது, எல்லாம் சொல்லுங்கள். அனுமதியில்லாமல் ஏற்றிய மாடி என்றால் அதையும் சொல்லுங்கள். வாடிக்கையாளர் வருத்தப்பட்டால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

14. மூன்று மணிக்கு எழுந்து நில்லுங்கள்.

இரண்டிலிருந்து ஐந்து வரை உடம்பு ஏமாற்றும். முகம் கழுவுங்கள், நின்றுகொண்டு ஒரு சுற்று எல்லாக் கட்டடங்களின் நிலையையும் வாய்விட்டுப் படியுங்கள். கைபேசி டிராயரில் இருக்கட்டும்.

15. பதிவேட்டில் நடந்ததை எழுதுங்கள், முடிவை மட்டும் எழுதாதீர்கள்.

'ஃபால்ஸ். குளோஸ்டு.' என்று எழுதியிருந்தால் அடுத்த ஷிஃப்டுக்கு அது எதுவும் சொல்லாது. 'மூன்றாம் மாடி பூஜை இடம், மாலை 6.05. செக்யூரிட்டி மேலே போய்ப் பார்த்தார், சாம்பிராணி. இந்த மாதம் நான்காவது முறை. மேனேஜரிடம் டிடெக்டரை மாற்றச் சொன்னேன், திங்கட்கிழமை ஆள் வருவதாகச் சொன்னார்.' இப்படி எழுதினால், திங்கட்கிழமை இரவு உங்கள் நாற்காலியில் உட்காருகிறவர் ஆள் வந்தாரா என்று கேட்பார். வரவில்லை என்றால் செவ்வாய்க்கிழமை காலை அந்த மேனேஜருக்குப் போகும் முதல் போன் நம்முடையதாக இருக்கும்.